ஆம், நான்தான்

வலதுகைக் கட்டைவிரல்தான். அதில் வசந்தகோகிலத்துக்குச் சந்தேகமே இல்லை. இடதுகையில் துணிப்பையும் குடையும் இருந்தன, தோளில் கைப்பை வழுக்கிக்கொண்டே இருந்தது, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி வால்பாறை வண்டியில் சனிக்கிழமைக் கூட்டம் மொத்தமும் ஒரே படியில் ஏறப் பார்த்தது, அப்போதுதான் போன் கைக்குள் அதிர்ந்தது. திரையில் ஒரு கேள்வி. உங்கள் கணக்கில் ஒருவர் நுழைய முயல்கிறார், அது நீங்கள்தானா? கீழே இரண்டு கட்டங்கள், ஒன்றில் ஆம், நான்தான், இன்னொன்றில் இல்லை, நான் இல்லை. அவள் படிக்கவில்லை. படித்தாளோ? படிக்காவிட்டால் இப்போது ஒவ்வொரு எழுத்தும் எப்படி நினைவில் நிற்கிறது? கண் படித்திருக்கிறது, அவள் படிக்கவில்லை. தினமும் இந்தப் போன் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது, அனுமதிக்கவா, ஏற்கிறீர்களா, தொடரலாமா, எதை அழுத்தினால் அது சீக்கிரம் ஒழியுமோ அதை விரல் தானாகவே அழுத்தக் கற்றுக்கொண்டுவிட்டது. அழுத்தினாள், போனைப் பைக்குள் போட்டாள், முட்டி மோதி ஏறி இடதுபுறம் ஜன்னலோரம் இடம் பிடித்தாள், அங்கலக்குறிச்சி வருவதற்குள் தூங்கியும் போனாள். ஆழியாறு செக்போஸ்டில் வண்டி நின்றதோ, வனத்துறைக்காரர் ஏறி எட்டிப் பார்த்தாரோ எதுவும் தெரியாது. முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி உடம்பைத் திருப்பியபோது நெற்றி ஜன்னல் கம்பியில் மோதித்தான் விழித்தாள். மணி பார்க்கப் போனை எடுத்தாள். இரண்டு ஐம்பத்திரண்டு. மணிக்குக் கீழே ஒரு செய்தி காத்திருந்தது. புதிய சாதனம் ஒன்றில் உங்கள் கணக்கு திறக்கப்பட்டது. இடம், பொள்ளாச்சி. நேரம், பிற்பகல் 1.58.

ஒன்று ஐம்பத்தெட்டு என்றால் வண்டியே கிளம்பவில்லை, அவள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற நேரம். புதிய சாதனம் என்றால் என்ன, இந்தப் போன்தானே, இதற்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை, இதைத்தான் புதிது என்கிறதோ, என்று ஒரு நிமிடம் அந்த நினைப்பில் சாய்ந்து உட்கார்ந்துகூடப் பார்த்தாள். உடனே நிமிர்ந்தாள். மெயிலைத் திறந்தாள். மேலே சிக்னல் கோடுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, மலை ஏறத் தொடங்கியாயிற்று, புதிதாக எதுவும் வராது, ஏற்கெனவே வந்து கிடப்பது மட்டும் தெரியும். மேலிருந்து மூன்றாவதாக அந்த மெயில் இருந்தது. நேற்று மாலை அவளே அவளுக்கு அனுப்பிக்கொண்டது. தலைப்பில் பதிவேடு என்று மட்டும் போட்டிருந்தாள். அனுப்பியதோடு சரி, திறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மாத அறிக்கை எழுதும்போது திறந்துகொள்ளலாம் என்று விட்டிருந்தாள். திறக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும். காலையில் டிபன் சாப்பிடும்போது பார்த்தாளே, தடித்த எழுத்தில்தான் இருந்தது, அதற்கு மேலே இருந்த புடவைக்கடை விளம்பரமும் தடித்த எழுத்து, கீழே இருந்த கரண்ட் பில்லும் தடித்த எழுத்து. இப்போது புடவைக்கடை அப்படியே இருந்தது. கரண்ட் பில் அப்படியே இருந்தது. நடுவில் பதிவேடு மட்டும் மெலிந்து போயிருந்தது. யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். அதை மட்டும்.

கோகிலம் பொள்ளாச்சியில் ஒரு சிறு அறக்கட்டளையின் குடும்ப ஆலோசனை மையத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள், வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி சனிக்கிழமை மதியம் வால்பாறைக்கு மகளைப் பார்க்கப் போவாள். அடி தாங்காமல் வீட்டை விட்டு வரும் பெண்களுக்கு இடம் பார்த்து, வேலை பார்த்து, வக்கீலைப் பார்த்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த மையத்தில் ஒரு பச்சை அட்டைப் பதிவேடு உண்டு. பெயர், வயது, குழந்தைகள், தற்போது தங்கியிருக்கும் இடம், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அது பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது, அது சட்டம், அந்தச் சட்டத்தைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே கோகிலம்தான். நேற்று மாலை அவள் அதன் ஒரு பக்கத்தை போனில் படம் எடுத்தாள். ஒரே ஒரு பக்கம். பதினோரு பெண்கள். மாத அறிக்கை திங்கட்கிழமை போகவேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து காப்பி எடுத்து எழுத முக்கால் மணி நேரம் ஆகும், படம் எடுக்க மூன்று செகண்டு. அந்தப் பதினோரு பேரில் மூன்றாவது பெயர் பூரணி. வயது இருபத்தாறு. தாராபுரம், வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி.

“வாந்தி வருதாங்க?” பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டாள். எஸ்டேட் மருத்துவமனையில் ஆயா வேலை என்று ஏறும்போது யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவள். மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். “மோந்து பாருங்க. கண்ணை மூடிக்கிடுங்க, வளைவு தெரியாது.” கோகிலம் வாங்கிக்கொண்டாள். வேறு யாராவது திறந்திருக்கலாம் அல்லவா, எங்கோ உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கிறவர்கள் கணக்கையெல்லாம் திறந்து பார்க்கிற கூட்டம் இருக்கிறதாமே, பேப்பரில் வருகிறதே, அவர்களுக்குப் பொள்ளாச்சி என்ன, பூரணி யார். ஆனால் அப்படிப்பட்டவன் கரண்ட் பில்லைத் திறந்திருப்பான், பேங்க் மெயிலைத் திறந்திருப்பான். பதிவேடு என்று தமிழில் எழுதிய ஒரு சொல்லை மட்டும் தேடிப்பிடித்துத் திறக்கிறவனுக்கு அந்தச் சொல் என்னவென்று தெரிந்திருக்கவேண்டும். அவனுக்குத் தெரியும். அவன் எதிரிலேயே அவள் அந்தப் பச்சை அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள், ‘பதிவேட்டுல இருக்கறதை யாருக்கும் சொல்லக்கூடாதுங்க, உங்களுக்கும்தான்’ என்று சிரித்த முகமாகச் சொல்லியிருக்கிறாள். ‘நியாயம்ங்க மேடம், நியாயம்’ என்றான் மகுடேஸ்வரன். பூரணியின் புருஷன். தலையை ஆட்டியபடி பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைக் கெட்டவன் என்று முதல் பார்வையில் யாராலும் சொல்ல முடியாது, அதுதான் இந்த ஒன்பது வருடத்தில் அவள் திரும்பத் திரும்பப் பார்த்தது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏமாறுவது. கிணத்துக்கடவுப் பக்கம் கயிறு மில்லில் சூப்பர்வைசர். இஸ்திரி போட்ட சட்டை, சந்தனம், எதற்கெடுத்தாலும் மேடம்ங்க. பூரணியின் இடது காது கேட்காமல் போனது அவன் கையால், அதை அவனே ஒத்துக்கொண்டான், ஒரே ஒரு அறைங்க மேடம், அதுகூட எங்கம்மாவை எதிர்த்துப் பேசினதுக்குங்க. கவுன்சிலிங்குக்கு நான்கு முறை வந்தான். மூன்றாவது முறையா, இல்லை, நான்காவது முறை, ஆமாம், மழை பெய்துகொண்டிருந்தது, குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான், ‘பாப்பாவுக்குப் பொறந்தநாள் போலிருக்குதுங்க, பேஸ்புக்குல பார்த்தேன், கேக்குல பேரு எழுதியிருந்துச்சு, ஓவியான்னு, நல்ல பேருங்க’ என்றான். அவளுக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இப்போது அவளால் விழுங்க முடியவில்லை. சந்தோஷமாக இருந்தது, ‘தேங்க்ஸ்ங்க’ என்றுகூடச் சொன்னாள், ‘பதிமூணு முடிஞ்சிருச்சு’ என்று வயதையும் சேர்த்துச் சொன்னாள். கேக்கின் மேல் பெயர், படத்தின் கீழே தேதி, அவள் வாயிலிருந்து வயது. ஆங்கிலத்தில் ஓவியா, முதல் எழுத்து பெரிய எழுத்து, அதன்பின் பிறந்த வருடம், கடைசியில் ஒரு @ குறி, ஏனென்றால் ஏதாவது ஒரு குறி போட்டே ஆகவேண்டும் என்று அந்தக் கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. அவ்வளவுதான் அவளுடைய பாஸ்வேர்டு. மறக்கவே மறக்காது என்று வைத்தது. பெற்ற மகள் பெயரை எந்தத் தாய் மறப்பாள்? பெற்ற மகள் பெயரைத்தான் எல்லாத் தாயும் வைப்பாள் என்று அவன் யோசித்திருக்கிறான்.

ஆறாவது வளைவு என்று மஞ்சள் பலகை போயிற்று. கீழே ஆழியாறு அணை வெள்ளித்தட்டாகத் தெரிய, முன்சீட்டுக் கல்லூரிப் பெண்கள் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஒன்று ஐம்பத்தெட்டு. அவன் ஏன் அந்த நேரத்தில் செய்தான்? வேறு எந்த நேரத்திலும் செய்திருக்கலாமே, ராத்திரி செய்திருக்கலாம், காலையில் செய்திருக்கலாம். ‘சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மேல வராதீங்க, நான் வால்பாறை வண்டி ஏறிருவேன், மலையில போனும் எடுக்காது’ என்று அவனிடம் அவள்தான் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் அவன் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருக்கிறான். எதிர்வரிசைப் பழக்கடை ஓரம், அல்லது அந்த ஜெராக்ஸ் கடைக்குள், கையில் போனோடு நின்று, அவள் இரண்டு பையோடு தள்ளாடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மையத்தின் கார்டில் இருக்கும் மெயில் முகவரியையும் ஓவியா பெயரையும் அடித்திருக்கிறான், அவள் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு போனைப் பார்ப்பதையும் கட்டைவிரல் இறங்குவதையும் பார்த்திருக்கிறான். கதவைத் தட்டினான், யாரென்றுகூடக் கேட்காமல் அவளே தாழ்ப்பாளை நீக்கி உள்ளே விட்டாள். இல்லை, அப்படி இருக்காது, அவ்வளவு யோசிக்கிறவனா அவன்? அவ்வளவு யோசிக்கிறவன்தான். பூரணி சொன்னாளே, சம்பளம் வாங்கி வரும் வழியில் எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று வீட்டில் உட்கார்ந்தே சொல்வான்க்கா என்று. கோகிலம் அப்போது அதைப் பதிவேட்டில் ‘சந்தேகப் புத்தி’ என்று இரண்டு சொல்லில் எழுதிக்கொண்டாள்.

பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் உடுமலை வழியாக பைக்கில் ஒன்றரை மணி, ஒன்றே முக்கால் மணி. இரண்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் மூன்றே முக்கால். இப்போது மூன்று ஐந்து. கோகிலம் எழுந்தாள். வளைவில் வண்டி திரும்ப, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி முன்னால் போனாள். கண்டக்டர் இஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்து டிக்கெட் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒரு அவசரம். உங்க போன்ல டவர் இருக்கா?”

“இங்க யாரு போன்லயும் இருக்காதுங்க்கா. அட்டகட்டி போனாத்தான். என்னங்க, யாருக்காவது முடியலையா?”

“ஒரு பொண்ணு உயிர் சமாச்சாரம்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தாற்போல் இருந்தது, அடுத்த வளைவில் கீழே இறங்கும் லாரிக்கு வழிவிட்டு நின்றது. இந்த மலையில் யாருக்காகவும் யாரும் வேகமாகப் போய்விட முடியாது. இறங்கிக் கீழே செக்போஸ்டுக்கு ஓடினால் என்ன என்று நினைத்தாள், ஆறேழு வளைவு, நடக்க ஒரு மணி நேரம், மேலே போவதே சீக்கிரம், மேலே போவதே சீக்கிரம் என்று அதையே இருபது தடவை சொல்லிக்கொண்டு தன் சீட்டில் வந்து விழுந்தாள். ஆயா அம்மாள் எலுமிச்சம்பழத்தை அவள் கைக்குள் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

பூரணி இந்நேரம் பேக்கரியில் இருப்பாள். தலையில் நெட் துணி, கையில் உறை, வட்ட பிஸ்கெட்டை இருநூறு இருநூறு கிராமாக நிறுத்துப் போட்டு, கவரின் வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிக்கொண்டு. இரண்டு மாதம் முன்பு போனில் சிரித்தாள், ‘அக்கா, இப்பல்லாம் நான் தராசு இல்லாமலே இருநூறு அள்ளிருவேன்’ என்று. வந்த புதிதில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெயரைக் கேட்டாலே வாசலைப் பார்ப்பாள். இடம் மாற்றிக்கொண்டு போன அன்று பஸ்ஸில் கூடவே போன கோகிலம், ‘உனக்கும் எனக்கும் அந்த வார்டனம்மாவுக்கும் தவிர இந்த உலகத்துல யாருக்கும் தெரியாது’ என்று சொன்னாள். அப்படியே இந்த வார்த்தையில்தான் சொன்னாள். மூன்று பேர் என்றாள். போனையும் சேர்த்தால் நான்கு. அந்தப் போனுக்குள் இருப்பது எங்கெங்கே போய் உட்காருகிறதோ அதெல்லாம் சேர்த்தால் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. போன மாதம்தான் பெண்கள் கல்லூரி ஒன்றில் மேடையேறி மைக் பிடித்துப் பேசினாள், ஓடிபி சொல்லாதீர்கள், போட்டோ அனுப்பாதீர்கள், பாஸ்வேர்டை வீட்டுச் சாவிபோல வைத்துக்கொள்ளுங்கள். கைதட்டினார்கள். ஒரு பெண் எழுந்து, ‘ஒரே பாஸ்வேர்டு எல்லாத்துக்கும் வைக்கலாமா மேம்?’ என்று கேட்டாள். ‘கூடவே கூடாதும்மா’ என்றாள் கோகிலம். மெயிலுக்கு ஓவியா. கரண்ட் பில்லுக்கு ஓவியா. ரயில் டிக்கெட்டுக்கு, பி.எப்.புக்கு, புடவைக்கடைக்கு, ஓவியாவின் பள்ளிக்கூட ஆப்புக்கு.

பள்ளிக்கூட ஆப். அது இதுவரை தோன்றவே இல்லை. அதில் மகளின் போட்டோ இருக்கிறது, வகுப்பும் பிரிவும் இருக்கின்றன, வேன் நம்பர், வேன் வந்து நிற்கும் இடம், நேரம், காலை எட்டு பத்து, வாழைத்தோட்டம் முக்கு. இன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, ஓவியா சித்தி வீட்டில் இருக்கிறாள், டிவி பார்த்துக்கொண்டிருப்பாள், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் கோபம் பூரணி மேல்தானே. பூரணியை ஒளித்து வைத்தது யார்? ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள், தன்னைப் பற்றி ஊருக்குத் தெரியாதது என்று என்ன மிச்சம் இருக்கிறது? பிறந்தநாளுக்கு அவளே போட்டாள். புது வீடு பால் காய்ச்சியதை வாசல் நம்பரோடு போட்டாள். ‘உங்கள் முதல் பள்ளிக்கூடம் எது, அம்மா பிறந்த ஊர் எது, பதில் சொல்லுங்கள், உங்கள் அதிர்ஷ்டக் கல் எதுவென்று சொல்கிறோம்’ என்று ஏதோ ஒரு விளையாட்டு வந்தது, அதற்கும் வரிசையாகப் பதில் சொன்னாள், பச்சைக்கல் என்று வந்தது. யாரும் அவள் வீட்டுச் சுவரை ஏறிக் குதிக்கவில்லை. ஒவ்வொரு செங்கல்லாக அவளே உருவிக் கொடுத்திருக்கிறாள், சிரித்த முகத்தோடு, இரண்டு பூ படமும் சேர்த்து. பத்து பெண்கள், பூரணியோடு பதினொன்று, அவர்கள் யாரும் எதையும் போடவில்லை, அவர்களில் ஆறு பேரிடம் இணையமுள்ள போனே கிடையாது. ஒளிந்து வாழக் கற்றுக்கொண்டவர்களை ஒளியத் தெரியாத ஒருத்தி பையில் போட்டு எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

பதினேழு, பதினெட்டு. மூன்று முப்பது. போனை நெற்றி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒருதடவை ஒரு கோடு முளைத்தது, எண்ணை அழுத்துவதற்குள் போயிற்று. இன்னொரு தடவை முளைத்தது, மணியடித்தது, ‘நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்’ என்று ஒரு குரல் தொடங்கி அறுந்தது. அட்டகட்டியில் வண்டி நிற்பதற்குள் இறங்கினாள். டீக்கடைக்கு முன்னால் மூன்று கோடு வந்தது. பூரணியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். விடுதி வார்டன் அமுதவல்லியை அழைத்தாள்.

“சொல்லுங்க மேடம், நல்லா இருக்கீங்களா?”

“அம்மா, பூரணி எங்க?”

“வேலைக்குப் போயிருக்குதுங்க. ஆனா பாருங்க, இப்பத்தான் அவங்க அண்ணன் வந்தாரு. அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம், ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம், பாவம், வேர்த்து விறுவிறுத்து...”

“அவளுக்கு அண்ணனே கிடையாது!” கோகிலம் கத்தியதில் டீக்கடைக்காரர் திரும்பினார். “பேக்கரிய சொன்னீங்களா?”

வார்டனின் குரல் சின்னதாக வந்தது. “உங்க பேரைச் சொன்னாருங்க. கோகிலம் மேடம்தான் அட்ரஸ் கொடுத்தாங்கன்னு சொன்னாரு. அதனாலதான்...”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“அஞ்சு நிமிசம். அஞ்சுகூட இருக்காது.”

“பேக்கரி முதலாளிக்கு போன் பண்ணுங்க. ஷட்டரை இறக்கச் சொல்லுங்க, பூரணிய உள்ள வைக்கச் சொல்லுங்க. இப்பவே. நான் போலீசுக்குப் பேசறேன்.”

போலீசுக்கு அவள் பேசியது அவளுக்கே நினைவில்லை. பெயர், ஊர், பேக்கரி, கணவன், ஏற்கெனவே அடித்த வழக்கு இருக்கிறது, பைக்கில் வந்திருக்கிறான் என்று வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. அந்த நேரமெல்லாம் உள்ளே ஒரே வாக்கியம் சுற்றிக்கொண்டிருந்தது, கோகிலம் மேடம்தான் அட்ரஸ் கொடுத்தாங்க. பொய் சொல்லியிருக்கிறான் என்று அவளால் சொல்ல முடியவில்லையே. அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். கண்டக்டர் படியில் நின்று, “அக்கா, பத்து நிமிசம் நிறுத்தியாச்சுங்க, வர்றீங்களா?” என்றார். மேலே போகப் போக மறுபடி சிக்னல் போகும். “நீங்க போங்க தம்பி, நான் அடுத்த வண்டியில வர்றேன்” என்றாள். அவர் துணிப்பையையும் குடையையும் எடுத்துவந்து டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். ஆயா அம்மாள் ஜன்னலிலிருந்து கையை மட்டும் காட்டினாள்.

அதன்பிறகு இருந்தது வெறும் நேரம். வார்டன் எடுக்கவில்லை. பூரணி எடுக்கவில்லை. தங்கைக்குப் பேசினாள், ஓவியாவை வெளியே விடாதே, ஏன் என்று பிறகு சொல்கிறேன். அறக்கட்டளைப் பொறுப்பாளரிடம் பேசினாள், நான் பதிவேட்டைப் படம் எடுத்தேன் என்று சொன்னாள், அந்தப் பக்கத்திலிருந்து, ‘மீதி பத்து பேருக்கும் நான் பேசறேன், எல்லாரையும் இன்னைக்கே மாத்தணும்’ என்று குரல் வந்தது, திட்டு இல்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனி கையைக் கட்டிக்கொண்டு உட்காரக்கூடாது என்று போனைத் திறந்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் உதடு அசையப் படித்துவிட்டு அழுத்தினாள். புதிய பாஸ்வேர்டு கேட்டது. கட்டங்கள் காலியாக நின்றன. அவள் மனதில் வந்ததெல்லாம் யாருக்காவது தெரிந்த சொல்லாகவே இருந்தது. அம்மா பெயர், ஊர், கல்யாண நாள், செத்துப்போன நாய்க்குட்டி, பிடித்த சாமி. அவள் என்று நினைத்துக்கொண்டிருந்த எல்லாமே தெருவில் கிடந்தன. கடைசியில் நிமிர்ந்து டீக்கடையைப் பார்த்தாள். கண்ணில் பட்ட, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு பொருள்களைச் சேர்த்து ஒரு நீளச் சொல்லாக அடித்தாள். அவளுக்கும் அந்தச் சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை. அது ஒரு அந்நியரைப்போல நின்றது, அதுதான் வேண்டியிருந்தது. மெயிலை அழித்தாள், அழித்தவை போய்ச் சேரும் இடத்துக்கும் போய் அங்கேயும் அழித்தாள், கேலரியில் இருந்த படத்தையும் அழித்தாள். அழித்துவிட்டால் மட்டும் அவன் படித்தது படிக்காததாகிவிடுமா?

ஐந்து மணி ஆனபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவே பயந்து எடுத்தாள்.

“அக்கா, நான்தான்.”

கோகிலம் எழுந்து நின்றாள். “எங்கடா இருக்க? ஒண்ணும் ஆகலையே?”

“ஸ்டேசன்ல இருக்கேன்க்கா. ஒண்ணும் ஆகல. ஓனர் என்னை மைதா மூட்டை ரூமுக்குள்ள தள்ளி வெளிய பூட்டிட்டாரு. ஷட்டரை எட்டி எட்டி ஒதைச்சான். என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டான். கீழ உக்காந்து வாயில துணிய வச்சுக் கடிச்சுட்டு இருந்தேன். அரை மணி நேரம் கழிச்சுத்தான் போலீஸ் வந்துச்சு.” மூச்சு வாங்கினாள். “பைக்குல கத்தி வச்சிருந்தானாங்க்கா. எடுத்து மேஜை மேல வச்சிருக்காங்க. நான் பார்த்தேன். தேங்கா வெட்டறது.”

கோகிலம் இத்தனை நேரம் எல்லாவற்றையும் நினைத்தாள், அடியை நினைத்தாள், இழுத்துக்கொண்டு போவதை நினைத்தாள். கத்தியை நினைக்கவில்லை.

“இன்ஸ்பெக்டர் எப்படிடா கண்டுபிடிச்சேன்னு கேட்டாரு” என்றாள் பூரணி. “பெருமையா சொன்னான்க்கா. மேடத்தோட மெயிலைத் தொறந்தேன், மூணாவது தடவையிலயே தொறந்துருச்சுன்னு. பாப்பா பேரும் பொறந்த வருசமும்தானாமே. அப்படியாங்க்கா?”

“ஆமா.”

“என் அட்ரஸ் எதுக்குக்கா உங்க மெயில்ல இருந்துச்சு?”

கேள்வியில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கோகிலத்துக்குள் பதில்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. மாத அறிக்கை, திங்கட்கிழமை கெடு, கண்ணாடி பவர் மாறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மகளோடு கொஞ்ச நேரம் இருக்கவேண்டும், ஒன்பது வருடத்தில் இது ஒரே தடவை, இல்லை, ஒரே தடவையும் இல்லை, மூன்று நான்கு மாதமாகவே அப்படித்தான். எல்லாம் உண்மை. எதுவும் மைதா மூட்டை அறையில் துணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லக்கூடியதாக இல்லை.

“எனக்கு வசதியா இருந்துச்சு பூரணி” என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். வயர்லெஸ் கரகரத்தது. பூரணி வைத்துவிடவில்லை.

“வார்டனம்மா வேற ஊருல ஒரு இடம் சொல்றாங்க. ராத்திரிக்குள்ள போயிருவேன். எங்கன்னு உங்ககிட்ட சொல்லலைங்க்கா. தப்பா நினைச்சுக்காதீங்க.”

“சொல்லாத” என்றாள் கோகிலம். மறுபடியும் சொன்னாள். “எனக்குச் சொல்லவே சொல்லாத.”